வேலை நாடுவோரின் விரல்ரேகை: ஒரு வரலாற்று ஆய்வு

1. முன்னுரை

பணிக்கு ஆளைத் தேர்ந்தெடுக்குங்கால் கல்வியும் பயிற்சியும் மட்டுமன்றி ஒழுக்கமும் ஆராயப்பட வேண்டும் என்பது எந்நாட்டினர்க்கும் உடன்பாடான கருத்தே. ஆயின் அவ்வொழுக்கத்தை அறிதற்குரிய வழி காலந்தோறும் இடந்தோறும் வேறுபட்டு வந்துள்ளது. அறிந்தவர் கூறும் சான்று, ஊர்ப் பெரியோர் அளிக்கும் நற்சான்றிதழ், காவல் நிலையத்தார் நேரில் வந்து நிகழ்த்தும் விசாரணை ஆகியன பழைய வழிகள். இவற்றினின்றும் வேறான ஒரு வழியை இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் பெருவழக்காக்கின. விண்ணப்பிப்பவரின் பத்து விரல்களையும் பதிந்து, அப்பதிவைக் குற்றவாளிகளின் விரல்ரேகைத் தொகுதியோடு ஒப்பிட்டு, அவர்மீது முன்பு குற்றப்பதிவு உண்டா என அறிவதே அவ்வழி. இன்று அந்நாட்டு மாநிலங்கள் பலவற்றில் பள்ளி ஆசிரியர், செவிலியர், குழந்தைக் காப்பகப் பணியாளர் முதலியோரும், நாடு முழுவதும் வானூர்தி நிலையத் தொழிலாளருட் பெரும் பகுதியினரும் இச்சோதனைக்கு உட்பட்ட பின்னரே பணியேற்கின்றனர்.

இவ்வழக்கம் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு பரவியது, அதனால் விளைந்த நன்மை தீமைகள் யாவை என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். விரல்ரேகையை முன்வைத்து எழுப்பத்தக்க வினாக்கள் இரண்டு. ‘இவர் யார்?’ என்பது ஒன்று. ‘இவர் முன்பு என் செய்தார்?’ என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு விரலே விடை கூறும். இரண்டாம் வினாவுக்கு விடை கூறுவது விரலன்று. அவ்விரலின் பதிவோடு சேர்த்து எழுதி வைக்கப்பெற்ற ஏடே ஆகும். இவ்விரண்டும் வேறென்பதை உணர்ந்தும் மறந்தும் வந்த வரலாறே வேலை நாடுவோரின் விரல்ரேகை வரலாறு எனலாம்.

2. சொற்பொருள்

‘கைந்நாட்டு’ என்னும் சொல் தமிழில் எழுத்தறியாதார் இடும் அடையாளத்தைக் குறிக்கும். நாட்டுதல் என்பது ஊன்றி நிறுத்துதல். ‘இது நான் ஒப்பியது’ என ஒருவர் தம் கையால் ஊன்றி நிறுத்தும் உறுதியே கைந்நாட்டு. நாளடைவில் எழுத்தறியாதாரையே அச்சொல்லால் இகழ்ந்து கூறும் வழக்கும் ஏற்பட்டது. ‘ரேகை’ என்பது வடசொல். கைரேகை பார்த்தல் என்பது வருங்காலம் உரைக்கும் தொழிலைக் குறித்தது. காவல்துறையின் விரல்ரேகைக் கூடமோ சென்ற காலத்தை உரைப்பதற்கு ஏற்பட்டது. ஒரே அங்கத்தைக் கொண்டு ஒருவர் எதிர்வதையும் மற்றொருவர் கழிந்ததையும் கூற முற்பட்டனர். கூர்ந்து நோக்கின், கோடுகளில் இவ்விரண்டும் எழுதப்பட்டில என்பது புலனாகும்.

3. வங்காளத்தில் தோன்றிய முறை

விரல்ரேகையை ஆட்சித்துறையில் தொடர்ச்சியாகப் பயன்படுத்தும் முறை வங்காளத்தில் தோன்றியது. 1858-இல் ஜங்கிப்பூரில் அலுவல் பார்த்த வில்லியம் ஹெர்ஷல் என்பார், சாலைப் பணிக்குரிய பொருள்களை வழங்க ஒப்பிய ஓர் ஒப்பந்தக்காரரின் கைப்பதிவை ஒப்பந்தத் தாளில் வாங்கினார். பின்னர்க் கையெழுத்தைத் தமதன்று என மறுக்கவொண்ணாதபடி செய்தலே அவர் கருத்து. 1877-இல் ஹூக்ளி மாவட்டத்தில் ஓய்வூதியம் பெறுவோர், பத்திரம் பதிவு செய்வோர், சிறைவாசிகள் ஆகிய மூவகையார்க்கும் இம்முறையை அவர் விரிவாக்கினார். இறந்தவர் பெயரால் ஓய்வூதியம் பெறுதல், விற்றதை விற்கவில்லையென மறுத்தல், தண்டனை பெற்றவர்க்கு மாற்றாக வேறொருவர் சிறைபுகுதல் ஆகிய மூன்று ஏமாற்றுகளையும் தடுத்தலே நோக்கம். இம்மூன்றிலும் வினவப்பட்டது ‘இவர் யார்?’ என்பதே. சிறைவாசியின் பதிவும்கூட அவர் முன்பு செய்த குற்றத்தை அறிதற்காக அன்று, அவரே இவர் என உறுதி செய்தற்காக வாங்கப்பட்டது.

1880-இல் ஜப்பானில் பணியாற்றிய ஹென்றி ஃபால்ட்ஸ் என்னும் மருத்துவர், குற்றம் நிகழ்ந்த இடத்திற் காணும் ரேகையைக் கொண்டு குற்றவாளியை அறியலாம் என எழுதினார். 1892-இல் பிரான்சிஸ் கால்ட்டன் வெளியிட்ட நூல், ரேகைகள் வாழ்நாள் முழுதும் மாறாதன என்பதையும் ஒருவருடையது மற்றொருவருடையதனோடு ஒவ்வாது என்பதையும் சான்று காட்டி விளக்கிற்று. எனினும் ஓர் இடர் எஞ்சி நின்றது. பல்லாயிரம் பதிவுகளுள் ஒன்றைத் தேடி எடுப்பது எங்ஙனம்? அடுக்கும் முறை அறியாதவரை, பதிவுகள் பெருகப் பெருகத் தேடலும் அரிதாகும்.

அவ்விடரைக் களைந்தது கல்கத்தா. காவல்துறைத் தலைவராயிருந்த எட்வர்டு ஹென்றியின் கீழ்ப் பணியாற்றிய அசீசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் ஆகிய இந்தியர் இருவரின் உழைப்பால் வகைப்பாட்டு முறை உருவாயிற்று. பத்து விரல்களும் ஐந்து இணைகளாகப் பிரிக்கப்படும். முதல் இணையில் சுழி காணப்படின் 16, அடுத்தடுத்த இணைகளில் முறையே 8, 4, 2, 1 என மதிப்பு இடப்படும். ஒவ்வோர் இணையிலும் ஒரு விரல் மேலெண்ணுக்கும் மற்றொரு விரல் கீழெண்ணுக்கும் உரியது. இரண்டிற்கும் ஒவ்வொன்று கூட்ட, ஒவ்வோர் எண்ணும் 1 முதல் 32 வரை அமையும். ஆகவே 32-ஐ 32-ஆற் பெருக்க, 1,024 தலைப்பகுப்புகள் கிடைக்கும். அத்தனை அறைகள் கொண்ட பேழையில் எத்துணைப் பதிவுகளையும் முறைப்படுத்தி வைக்கலாம். 1897-இல் இம்முறை அரசாங்கத்தால் ஏற்கப்பெற்றுக் கல்கத்தாவில் விரல்ரேகைக் கூடம் நிறுவப்பெற்றது. முறைக்கு ஹென்றியின் பெயரே நிலைத்தது. உழைத்த இந்தியர் இருவர்க்கும் அரசாங்கப் பட்டமும் பரிசிலும் காலந்தாழ்ந்தே கிட்டின.

4. ஜல்பாய்குரி வழக்கு

ஜல்பாய்குரி மாவட்டத்துத் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கொலையுண்டார். அவர் பெட்டியிலிருந்த பஞ்சாங்கம் ஒன்றில் குருதி தோய்ந்த விரற்பதிவு காணப்பட்டது. அஃது அவரிடம் முன்பு பணிபுரிந்து, திருட்டுக்காகத் தண்டனை பெற்ற ஒருவருடைய பதிவோடு ஒத்தது. முன்னைய தண்டனையால் அவர் பதிவு கூடத்தில் இருந்தமையாலேயே இஃது இயன்றது. நீதிமன்றம் அவரைத் திருட்டுக் குற்றத்திற்குத் தண்டித்தது, கொலைக்குற்றத்திற்குத் தண்டிக்கவில்லை. பெட்டியைத் தொட்டவர் இவரே என்பதை ரேகை காட்டிற்று. கொன்றவர் இவரே என்பதை அது காட்டிற்றில்லை என்பது தீர்ப்பின் உட்கிடை. இம்முறை தோன்றிய தொடக்கத்திலேயே, ரேகை எதுவரை சான்றாகும், எதற்குமேற் சான்றாகாது என ஒரு நீதிமன்றம் எல்லை வகுத்தது ஈண்டுக் குறிக்கத்தக்கது. பிற்காலத்தில் வேலைவாய்ப்புத் துறையில் மறக்கப்பட்டது இவ்வெல்லையே.

5. ஐயத்தின் அடையாளம்

ரேகைப் பதிவு ஆளறியும் கருவி என்னும் நிலையினின்று ஐயத்தின் அடையாளமாக மாறியதைத் தமிழரின் வரலாற்றிலும் காணலாம். 1871-இல் வடஇந்தியாவில் தோன்றிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகச் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. குற்றம் செய்தாரை அன்றி, ஒரு குலத்திற் பிறந்தாரையே பதிவேட்டில் ஏற்றி ரேகை பெற்றது அச்சட்டம். மக்கள் அதனைக் கைரேகைச் சட்டம் என்றே வழங்கினர். 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் பதிவுக்கு உடன்படாத பிறமலைக் கள்ளர்மீது காவலர் சுட்டனர். பதினைந்துக்கு மேற்பட்டோர் உயிர் நீத்தனர். 1947-இல் சென்னை மாகாணத்திலும் 1952-இல் இந்தியா முழுவதிலும் அச்சட்டம் நீக்கப்பட்டது.

தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வால் நாட்டு அரசு 1907-இல் இயற்றிய சட்டம், அங்கு வாழ்ந்து தொழில் செய்ய விரும்பிய ஆசியர் அனைவரும் ரேகை பதிந்து சான்றிதழ் பெற வேண்டும் என விதித்தது. காந்தியடிகளின் தலைமையில் அதனை எதிர்த்தோருள் தமிழர் பெருந்தொகையினர்; தம்பி நாயுடு அவருள் முதன்மையானவர். 1908-இன் தொடக்கத்தில் ஏற்பட்ட உடன்பாட்டின்படித் தாமே விரும்பிப் பதிவதற்குக் காந்தியடிகள் இசைந்தார். பத்து விரல்களையும் பதிந்தார். விரலைப் பதிவதில் அவர்க்கு வெறுப்பில்லை. குற்றவாளியரைப் போலக் கருதிக் கட்டாயப்படுத்தியதையே அவர் எதிர்த்தார். உடன்பாடு காக்கப்படாமை கண்டு அவ்வாண்டு ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க்கில் சான்றிதழ்கள் தீக்கிரையாக்கப்பட்டன. ஒரே செயல் ஒரு சூழலில் உறுதிமொழியாகவும் மற்றொரு சூழலில் இழிவாகவும் கொள்ளப்படும் என்பதற்கு இஃது ஏற்ற சான்று.

6. அமெரிக்காவில் முதற்பயன்

இனி, நம் ஆய்வின் நடுவிடமாகிய அமெரிக்காவை நோக்குவோம். அந்நாட்டில் விரல்ரேகை முதன்முதல் முறைப்படி பயன்பட்டது குற்றவாளிகளிடத்தன்று, வேலை நாடுவோரிடத்தேயாம். 1902-இல் நியூயார்க் அரசுப்பணி ஆணையத்தின் மருத்துவராகிய ஹென்றி டி ஃபாரஸ்ட், தேர்வெழுத வருவோரின் ரேகையைப் பெறும் முறையைப் புகுத்தினார். ஒருவர் பெயரில் மற்றொருவர் தேர்வெழுதும் ஆள்மாறாட்டத்தை ஒழித்தலே அதன் நோக்கம். நியூயார்க் மாநிலச் சிறைகளில் இம்முறை புகுந்தது அதற்கு அடுத்த ஆண்டாகிய 1903-இல் ஆகும். 1904-இல் செயின்ட் லூயி நகரில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சிக்கு வந்திருந்த இலண்டன் காவலரிடம் அமெரிக்கக் காவலர் ஹென்றியின் முறையைக் கற்றனர். கல்கத்தாவில் உருவான அடுக்குமுறை இலண்டன் வழியாக அமெரிக்காவை அடைந்தது.

தேர்வெழுதுவோரின் பதிவு ஹூக்ளியில் ஓய்வூதியர் இட்ட பதிவை ஒத்தது. ‘விண்ணப்பித்தவரும் தேர்வெழுதியவரும் பணியேற்றவரும் ஒருவரே’ என்பதற்கு மேல் அதனிடம் எவரும் எதனையும் வினவவில்லை. இந்நிலை நீடித்திருப்பின் இக்கட்டுரைக்குத் தேவையே இராது.

7. இரு தொகுதிகளும் இணைதல்

1924-இல் பின்னர் எஃப்.பி.ஐ. எனப் பெயர் பெற்ற கூட்டரசுப் புலனாய்வுத் துறையில் ஆளறி பிரிவு அமைக்கப்பட்டது. லெவன்வொர்த் சிறையிலும் காவல்துறைத் தலைவர்களின் சங்கத்திடமும் இருந்த பதிவுகள் அங்குக் கொணரப்பட்டன. அவை எட்டு இலட்சத்திற்கும் மேற்பட்டவை. 1933-இல் குற்றவாளிகள் அல்லாத குடிமக்களின் பதிவுகளுக்கெனத் தனிப்பகுதி ஏற்பட்டது. கூட்டரசுப் பணியாளரின் பதிவுகள் அதில் இடம்பெற்றன. ஒரே கட்டடத்தில், ஒரே அடுக்குமுறையில், ஒரே கையினர் பேணிய இரு தொகுதிகள் அருகருகே அமைந்தன. ஒன்றில் உள்ள ரேகையை மற்றொன்றில் தேடுவதற்கு இனிப் புதிய அறிவோ புதிய கருவியோ வேண்டியிருக்கவில்லை. வினவும் விருப்பம் ஒன்றே போதியதாயிற்று.

அவ்விருப்பத்தை வளர்த்தவர் துறையின் தலைவராயிருந்த எட்கர் ஹூவர். நாட்டு மக்கள் அனைவரும் தாமே முன்வந்து ரேகை பதிய வேண்டும் என 1930-களில் அவர் பரப்புரை செய்தார். குடியுரிமைக் கழகத்தினர் அதனை எதிர்த்தனர். இரண்டாம் உலகப்போரின்போது படைக்கலத் தொழிற்சாலைப் பணியாளரின் பதிவுகள் பெருந்திரளாகச் சேர்ந்தன. 1946-இல் அத்துறையிடம் சேர்ந்த அட்டைகள் பத்துக் கோடியை எட்டின. போர்க்காலத்தில் நாட்டுக் காப்பின்பொருட்டு ஏற்கப்பட்ட வழக்கம் போருக்குப் பின்னும் நீங்கவில்லை. உரிமம் வேண்டும் தொழில்கள் பலவற்றிற்கும் பரவியது. தேர்வறையில் ‘இவர் யார்?’ என வினவிய விரல்ரேகை, இப்பொழுது ‘இவர் முன்பு என் செய்தார்?’ என வினவத் தலைப்பட்டது.

8. நியூயார்க் இசையரங்குகள்

இம்மாற்றம் தொழிலாளர் வாழ்வில் எவ்வாறு விளைந்தது என்பதற்கு நியூயார்க் நகரத்து இரவு அரங்குகள் தெளிவான சான்று. 1940-இல் அந்நகரக் காவல்துறை, மதுவும் இசையும் வழங்கும் அரங்குகளிற் பணிபுரிவோர் அனைவரும் ரேகை பதிந்து அடையாள அட்டை பெறவேண்டும் என விதித்தது. பாடகர், கருவியிசைப்போர் மட்டுமன்றிச் சமையற்காரரும் பரிமாறுவோரும் இவ்விதிக்கு உட்பட்டனர். அட்டையை வழங்கவும் மறுக்கவும் பறிக்கவும் காவல்துறையே அதிகாரம் உடையதாயிருந்தது.

புகழ்பெற்ற பாடகியாகிய பில்லி ஹாலிடே 1947-இல் போதைப்பொருள் வைத்திருந்த குற்றத்திற்குச் சிறைப்பட்டார். மீண்டு வந்து 1948-இல் கார்னிகி மண்டபத்தில் பெருங்கூட்டத்தின் முன் பாடினார். ஆயின் இரவு அரங்குகளிற் பாடுதற்குரிய அட்டை அவருக்கு மறுக்கப்பட்டது. அவர்தம் அன்றாடப் பிழைப்பு இவ்வரங்குகளையே சார்ந்திருந்தது. பியானோ வல்லுநராகிய தெலோனியஸ் மங்க் 1951-இல் அட்டையை இழந்து 1957 வரை தம் நகரத்து அரங்குகளில் வாசிக்க இயலாதவரானார். ஆண்டிற் பன்னாள் தொழில் நடக்கும் இடத்தில் வாயிலடைத்து, என்றோ ஒருநாள் நடக்கும் பெருமண்டபத்தில் வாயில் திறந்து வைத்ததில் பொருத்தம் யாதும் இல்லை. பாடுந்தொழிலுக்கும் பழைய குற்றத்திற்கும் உள்ள தொடர்பு யாது என எவரும் ஆராய்ந்தாரல்லர். பதிவு உண்டா என்பதொன்றே வினாவாயிற்று. 1967-இல் இவ்வட்டை முறை ஒழிக்கப்பட்டது. இருபத்தேழு ஆண்டுகளில் பெயரறியாப் பரிமாறுவோர் எத்துணைப் பேர் வேலை இழந்தனரோ, அதனைக் கூற இசை வரலாற்றில் இடமில்லை.

9. வழக்கும் சட்டமும்

1969-இல் நியூயார்க் மாநிலம் பங்குவணிக நிறுவனங்களின் பணியாளர் ரேகை பதிதல் வேண்டும் எனச் சட்டம் இயற்றியது. அதனை எதிர்த்த வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது. ரேகை பதிதல் இழிவைக் குறித்த காலம் கடந்துவிட்டது என்பது அதன் கருத்து. பதிதல் என்னும் செயலளவில் இக்கருத்து ஏற்கத்தக்கதே. பதிவோடு இணைந்த ஏட்டின் நிலை என்ன என்பதைப் பிறிதொரு வழக்கு வெளிப்படுத்தியது.

1965-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் கல்லூரி மாணவர் ஒருவர் திருட்டு ஐயத்தின்பேரிற் பிடிக்கப்பட்டார். இரு நாள் காவலில் இருந்தபின், அவர்மீது குற்றம் சாட்டுதற்கு ஆதாரமின்மையால் விடுவிக்கப்பட்டார். ஆயின் அவர் ரேகையும் பிடிபட்ட செய்தியும் எஃப்.பி.ஐ.யின் குற்றத் தொகுதியிற் சேர்ந்து நிலைத்தன. அதனை நீக்கக் கோரி அவர் வழக்குத் தொடுத்தார். 1971-இல் நீதிபதி கெர்ஹார்ட் கெசெல் வழங்கிய தீர்ப்பு இத்துறையின் வரலாற்றில் ஒரு திருப்பம். மாநில, நகர அமைப்புகள் வேலைக்கும் உரிமத்திற்கும் விண்ணப்பிப்போரைச் சோதிக்கும்பொருட்டுக் கைதுப் பதிவுகளை வழங்க எஃப்.பி.ஐ.க்குச் சட்டம் அதிகாரம் அளிக்கவில்லை என அவர் கண்டார். பல்லாண்டுகளாக நடந்துவந்த வழக்கம் தெளிவான சட்டத்தின் துணையின்றியே நடந்தது என்பது அன்று வெளிப்பட்டது.

நாடாளும் மன்றம் வாளாவிருக்கவில்லை. முதலில் தற்காலிக ஏற்பாடு செய்து, பின்னர் 1972-ஆம் ஆண்டு அக்டோபரில் 92-544 என எண்ணிட்ட சட்டத்தால் அவ்வழக்கத்திற்கு உரிமை வழங்கியது. மாநிலம் ஒரு தொழிலுக்கு இச்சோதனை வேண்டும் எனத் தனிச்சட்டம் இயற்றுதல் வேண்டும். கூட்டரசின் தலைமைச் சட்ட அதிகாரி அதனை ஏற்றல் வேண்டும். விடை அரசு அமைப்புக்கே செல்லுதல் வேண்டும் என்பன அதன் வரையறைகள். அம்மாணவரைப் பொறுத்தவரை, நிகழ்ந்தது கைதன்று என நகரக் காவல்துறையே தெரிவித்திருந்தமையால் அப்பதிவைக் குற்றத் தொகுதியில் வைத்தல் தகாது என 1974-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியொருவர் வென்றார், வழக்கமோ சட்டத்தின் வலிமை பெற்று முன்னினும் உறுதியாயிற்று.

10. இன்றைய நடைமுறையும் அதன் குறையும்

இன்று மைக்கு மாறாகக் கண்ணாடித் தகட்டின்மேல் விரல் வைத்து மின்பதிவு செய்வர். பத்து விரல்களும் தனித்தனியே உருட்டிப் பதியப்படும். பின்னர் இரு கைகளின் நந்நான்கு விரல்கள் சேர்ந்தும், கட்டைவிரல்கள் தனித்தும் அழுத்திப் பதியப்படும். ஆக, பதிவுகள் பதினான்கு. விரல்கள் வரிசைமாறிப் பதியப்படாமையை உறுதிசெய்யவே இரண்டாம் பதிவு. 1999 முதல் கணிப்பொறியே ஒப்பிடுகின்றது. ஒருமுறை சோதிப்பதோடு நில்லாமல், பணியேற்றவர் பின்னர்ப் பிடிபடின் அச்செய்தியைத் தானே தெரிவிக்கும் ஏற்பாடும் 2014 முதல் உண்டு.

இம்முறையின் சிறப்பை மறைத்தல் ஆய்வு நெறியன்று. பெயர் கொண்டு தேடுங்கால், ஒரே பெயருடைய மற்றொருவரின் குற்றம் ஒருவர் தலையில் ஏறக்கூடும். பெயரை மாற்றிக்கொண்டவர் தப்பவும் கூடும். விரல்ரேகை இவ்விரு பிழைகளையும் பெரிதும் தவிர்க்கின்றது. குழந்தைகளையும் முதியோரையும் நோயாளரையும் பேணும் பணிகளில் கொடியோர் புகாவண்ணம் காத்தல் அரசின் கடனே. ‘இவர் யார்?’ என்னும் வினாவில் ரேகையினும் சிறந்த சான்று அரிது.

குறை நிற்பது ஏட்டில். கைது செய்யுங்கால் ரேகை பதிவதால் கைதுச் செய்தி உடனே தலைமைத் தொகுதியைச் சேர்கின்றது. வழக்கின் முடிவோ நீதிமன்றத்தில் பிறிதொரு நாளில், பிறிதோர் அலுவலரால் எழுதப்படுவது. அது தொகுதியை அடையாமலே நின்றுவிடுதல் உண்டு. நாடாளும் மன்றத்திற்கு 2006-இல் தலைமைச் சட்ட அதிகாரி அளித்த அறிக்கை, தேசியத் தொகுதியிலுள்ள பதிவுகளில் ஏறத்தாழ 50 விழுக்காட்டில் வழக்கின் இறுதி முடிவு இல்லை எனத் தெரிவித்தது. பிடிபட்டார் என்பது உண்டு. விடுவிக்கப்பட்டார் என்பது இல்லை. அவ்வேட்டைப் பார்க்கும் அதிகாரி, ரேகை பிழையாது என்னும் நம்பிக்கையை ஏட்டின்மேலும் ஏற்றிக் காண்கின்றார். ரேகை எத்துணை உறுதியாக ஆளைக் காட்டுகின்றதோ அத்துணை உறுதியாக முற்றுப்பெறாத செய்தியும் அவரோடு ஒட்டிக்கொள்கின்றது. இதுவே இம்முறையின் உள்ளுறைக் கேடு.

இதற்கு மாற்றாகச் சில விதிகள் தோன்றின. ரேகை எதன்பொருட்டுப் பெறப்படுகின்றது என விண்ணப்பிப்பவர்க்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும். ஏட்டிலுள்ள பிழையைத் திருத்தவும் குறையை நிரப்பவும் அவர்க்குக் காலம் அளித்தல் வேண்டும். அதற்குமுன் வேலை மறுத்தல் ஆகாது என்பது கூட்டரசு விதி. 1977-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று ஏற்ற நெறிப்படி, குற்றத்தின் தன்மை, கழிந்த காலம், பணியின் இயல்பு ஆகிய மூன்றனையும் எண்ணியே முடிவு செய்தல் வேண்டும். 2012-இல் சமவேலைவாய்ப்பு ஆணையமும் இந்நெறியைத் தன் வழிகாட்டலில் விளக்கியது. 2019-இல் இயற்றப்பட்டு 2021 இறுதியில் நடைமுறைக்கு வந்த சட்டம், கூட்டரசுப் பணிகளிற் பெரும்பான்மையானவற்றிற்கு, வேலை வழங்க இசைந்த பின்னரே குற்ற வரலாற்றை வினவலாம் என வரையறுத்தது.

11. பிற நாட்டு நெறிகள்

இங்கிலாந்தில் 2002 முதல் குற்றப்பதிவு அலுவலகமும், 2012 முதல் அதன் வழிவந்த அமைப்பும் பெயர், பிறந்த நாள், முகவரி ஆகியவற்றைக் கொண்டே சோதிக்கின்றன. ‘அப்பதிவு என்னுடையதன்று’ என விண்ணப்பிப்பவர் மறுக்கும்பொழுது, அவர் இசைவுடன் ரேகை பெற்று ஐயம் தீர்ப்பர். அங்கு ரேகை குற்றஞ்சுமத்தும் வாயிலாக அன்றி விடுவிக்கும் வாயிலாகப் பயன்படுகின்றது. ஹூக்ளியின் பழைய வினா அங்கு உயிரோடிருக்கின்றது எனலாம்.

இந்தியாவில் அரசுப் பணியேற்போர் தம்மீதுள்ள வழக்குகளை உறுதிப் படிவத்திற் கூறுதல் வேண்டும். காவல்துறையார் பெரும்பான்மையும் பெயரும் முகவரியும் கொண்டு விசாரிப்பர். வழக்கை மறைத்தவரை நீக்கலாம் எனினும், குற்றத்தின் எளிமை, பணியின் இயல்பு முதலியவற்றை எண்ணியே முடிவு செய்தல் வேண்டும் என 2016-இல் உச்ச நீதிமன்றத்தின் மூவர் ஆயம் நெறி வகுத்தது. பெருங்காமநல்லூர் நிகழ்ச்சி நடந்த அதே 1920-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கைதிகள் அடையாளச் சட்டத்தின் இடத்தில் 2022-இல் புதிய சட்டம் வந்தது. அச்சட்டப்படி பதிவுகள் 75 ஆண்டுகள் பேணப்படும். முன்தண்டனை இல்லாதார் வழக்கினின்று விடுவிக்கப்படின், நீதிமன்றம் வேறு கூறினாலன்றி, அவர் பதிவு அழிக்கப்படும். அவ்வாண்டிலேயே நாடு முழுவதற்குமான கணிப்பொறி விரல்ரேகைத் தொகுதியும் தொடங்கப்பட்டது. அழிக்க வேண்டும் என்னும் விதி ஏட்டில் இருத்தல் எளிது; விடுதலைச் செய்தி நீதிமன்றத்தினின்று தொகுதியைச் சென்றடைதலே அரிது. அமெரிக்க வரலாறு நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.

12. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். வேலை நாடுவோரின் விரல்ரேகை முதலில் ஆள்மாறாட்டத்தைத் தடுக்கவே ஏற்பட்டது. குற்ற வரலாற்றை வினவும் பணி அதன்மேற் பின்னர் ஏற்றப்பட்டது. அவ்வேற்றம் சட்டம் ஆராய்ந்து வழங்கியதன்று. இரு தொகுதிகள் ஓரிடத்தில் அமைந்தமையால் வழக்கமாய் வளர்ந்து, நீதிமன்றம் குறைகண்ட பின்னரே சட்டமாயிற்று. ரேகையின் உறுதி ஏட்டின் உறுதியன்று. இவ்வேறுபாட்டை 1898-இல் ஜல்பாய்குரி வழக்கின் தீர்ப்புக் கண்டது, பிற்காலத்துப் பணித்தேர்வு முறை பலகாலும் காணத் தவறியது.

ஆகவே இச்சோதனையை மேற்கொள்ளும் நாடு எதுவாயினும், கைதை எழுதும் கையே விடுதலையையும் எழுதும் கடப்பாடு உடையதாக்குதல் வேண்டும். முடிவு எழுதப்படாத பதிவைக் கொண்டு ஒருவர்க்கு வேலை மறுத்தல் கூடாது. ஏட்டிற் கண்டதை வேலை நாடுபவர்க்குக் காட்டி அவர் கூறுவதைக் கேட்டல் வேண்டும். கைந்நாட்டு என்பது ஒருவர் தாமே ஊன்றும் உறுதி. தம் விரலை ஊன்றியவர்க்கு அவ்விரலின்கீழ்ப் பிறர் எழுதியதைப் படிக்கும் உரிமையும் உண்டு.